வயதான பெற்றோருக்கு நம்பகமான மருத்துவத் தகவல் கிடைக்க என்ன செய்யலாம்? படிப்படியாக ஒரு வழிகாட்டி

அறுபது, எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் உடல்நலத் தகவலுக்குப் பஞ்சமே இருக்காது. ரேடியோவில் ஒரு மருத்துவர் பேசுவார், டிவியில் இன்னொருவர் பேசுவார், பேப்பரில் வாரம் ஒரு பக்கம் வரும், வாட்ஸ்அப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இவ்வளவு இருந்தும், இதில் எது தனக்கானது என்று பிரித்துப் பார்க்கக் கூடவே ஒரு ஆள் இருப்பதில்லை. என் பெற்றோருக்காக இதை ஒழுங்குபடுத்தப் போய், எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் வெகுநாள் தடுமாறினேன். எதை முதலில் செய்தால் மற்றது எளிதாகும் என்பது பிறகுதான் பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். இந்தப் பொறுப்பை இப்போதுதான் ஏற்கிறீர்கள் என்றால், முதல் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. போனைத் தொடுவதற்கு முன் ஒரு தாளைத் தயார் செய்யுங்கள்

ஒரு தகவல் உண்மையா என்று பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. இந்த மாத்திரைகளைச் சாப்பிடும் இந்த மனிதருக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். சோடியம் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. செய்தி உண்மை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அந்த வழிகாட்டுதலே விலக்கி வைத்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். அப்படிப்பட்டவர் செய்தியின் தலைப்பை மட்டும் கேட்டுவிட்டு உப்பை மாற்றினால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பழகியவரைக்கூட இந்த மாதிரி உண்மைச் செய்தி கவிழ்த்துவிடும்.

அதனால் முதல் வேலை, ஒரே பக்கத்தில் அடங்கும் ஒரு தாள். அதில் இருக்க வேண்டியவை:

- சாப்பிடும் எல்லா மருந்துகளும். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரும், எத்தனை மில்லிகிராம் என்பதும் வேண்டும்.
- எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதற்காக.
- கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரை, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, கண் சொட்டு மருந்து. பெரியவர்கள் இவற்றை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டால் பதில் வராது, மருந்து டப்பாவைக் கொண்டுவந்து கொட்டச் சொல்லுங்கள்.
- ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், நாள்பட்ட நோய்கள்.
- கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள், தேதியோடு. குறிப்பாகச் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும் கிரியாட்டினின்.

மூலப்பெயர் எதற்கு என்று கேட்கலாம். ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேறு பெயரில் இருக்கும். பாரசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். யூடியூபில் ஓர் அமெரிக்க மருத்துவர் அசிட்டமினோஃபென் அளவைப் பற்றி எச்சரித்தால், தினமும் பாரசிட்டமால் போடும் அப்பாவுக்கு அது தன்னைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. சளி மாத்திரைக்குள்ளும் பல நேரம் பாரசிட்டமால் இருக்கும். தெரியாமல் இரட்டை அளவு உள்ளே போகும்.

தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மேலே தேதி போடுங்கள். ஒன்று மருந்து டப்பாவில், ஒன்று பையில், ஒரு போட்டோ உங்கள் போனில். மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் புதுத்தாள் போட்டுப் பழையதைக் கிழித்துவிடுங்கள். பழைய தாளும் புதுத் தாளும் சேர்ந்து கிடப்பது, தாளே இல்லாததைவிட ஆபத்து.

இதற்கு ஆகும் செலவு அச்சுச் செலவுதான். நேரம் மட்டும் ஒரு முழு மதியம் போகும்.

2. அவர் ஏற்கெனவே யாரை நம்புகிறார் என்று கவனியுங்கள்

பலரும் செய்வது, ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து "இனிமே எல்லாம் இதுல பாத்துக்கோங்க" என்பது. அப்படித் தொடங்காதீர்கள். ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். காலையில் ரேடியோ கேட்கிறாரா, எந்த நிகழ்ச்சி? பேப்பரில் எந்தப் பக்கத்தை மடித்து வைக்கிறார்? சந்தேகம் வந்தால் மருந்துக்கடைக்காரரிடமா, அக்கம்பக்கத்திலா, உங்களிடமா, யாரிடம் முதலில் கேட்கிறார்?

பழைய ஊடகங்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பேசுபவர் யார், எந்த நிலையம், எந்தப் பத்திரிகை என்பது வெளிப்படையாகத் தெரியும். பேப்பரை வெட்டி வைக்கலாம், மருத்துவரிடம் காட்டலாம். ரேடியோ கேட்கக் கண் வேண்டாம், விரல் வேண்டாம். இவற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். ஒரு நோட்டும் தடித்த முனைப் பேனாவும் ரேடியோ பக்கத்தில் வையுங்கள். கேட்டதில் பிடித்ததை ஒரு வரி எழுதட்டும்: யார் சொன்னது, என்ன சொன்னார், என்று கேட்டது. அம்மா அப்படி எழுதிய வரிகள்தான் பிற்பாடு மருத்துவரிடம் கேட்ட கேள்விகள் ஆயின.

இங்கே இருக்கும் பொறி விளம்பரம். செய்தி மாதிரியே அச்சாகியிருக்கும் கட்டுரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கும். டிவியில் நேயர்கள் கேள்வி கேட்க மருத்துவர் பதில் சொல்லும் நிகழ்ச்சியே காசு கொடுத்து வாங்கிய நேரமாக இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே மருந்திலோ ஒரே மருத்துவமனையிலோ போய் முடிகிறதா என்று பாருங்கள். இதைப் பெரியவர்களுக்கு ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும், அப்புறம் அவர்களே நமக்குக் காட்டுவார்கள்.

3. போனைக் கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் ஏற்றபடி மாற்றுங்கள்

இருபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டுகிறது. "எனக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று அவர் சொல்வது பாதி நேரம் "எனக்கு இது தெரியவில்லை" என்பதுதான். எனவே பாடம் எடுப்பதற்கு முன் அமைப்புகளை மாற்றுங்கள்.

- எழுத்தளவு, திரை அளவு இரண்டையும் கூட்டுங்கள். ஒன்றை மட்டும் கூட்டினால் பொத்தான்கள் சின்னதாகவே இருக்கும். ஒளியளவைத் தானாக மாறும்படி விடாமல் கூட்டியே வையுங்கள்.
- வயதானவர்கள் பலர் திரையைத் தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடிப்பார்கள். வேறேதோ பட்டியல் திறந்துகொள்ளும், பயந்து போனைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டில் 'அணுகல்தன்மை' பகுதியில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீட்டிவிடும் வசதி இருக்கிறது. அதை மாற்றியதும் எங்கள் வீட்டுப் புகார்களில் பாதி நின்றது.
- தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதியை விசைப்பலகையில் இயக்குங்கள். தட்டச்சு செய்யத் தெரியாததால்தான் பலர் எதையும் தேடுவதே இல்லை. மைக்கைத் தொட்டு "மெட்ஃபார்மின் பக்க விளைவு" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.
- முழுத் திரையையும் வாசிக்கும் டாக்பேக்கை அவசரப்பட்டு இயக்காதீர்கள். அதில் தொடுமுறையே மாறிவிடும். ஒரு தட்டு இரண்டு தட்டாகும். தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் வாசிக்கும் வசதி போதும்.
- வயதாகும்போது முதலில் குறைவது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். பேச்சு காதில் விழும், ஆனால் சொல் பிடிபடாது. சத்தத்தைக் கூட்டினால் தீராது. பின்னணி இசை இல்லாத காணொளிகளைத் தேர்ந்தெடுங்கள், வேகத்தை 0.75 ஆகக் குறையுங்கள். எழுத்து வசனம் (சப்டைட்டில்) இருந்தால் இயக்குங்கள். காதுக் கருவி போடுபவர் என்றால் அது புளூடூத்தில் இணையுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்லித்தரும் நேரம் முக்கியம். காலையில், கண் தெளிவாக இருக்கும்போது, கால்மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரே விஷயம். போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கிச் செய்து காட்டினால் உங்களுக்குத்தான் பழகும்.

4. நம்பகமான இடங்களை முகப்புத் திரையில் வையுங்கள்

தேடுபொறியில் தேடச் சொன்னால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கும். அதனால் இரண்டு மூன்று தளங்களை மட்டும் குறுக்குவழியாக வைத்துவிடுங்கள். உங்கள் நாட்டு சுகாதாரத் துறையின் தளம் முதலில். உலக சுகாதார நிறுவனத்தின் தளம் அடுத்தது. ஆங்கிலம் படிப்பவர் என்றால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ். விளம்பரம் கிடையாது, எளிய மொழி, மருந்துக்குத் தனிப் பக்கம் உண்டு. சிகிச்சை ஒன்றுக்கு ஆதாரம் எவ்வளவு என்று பார்க்க, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் சுருக்கங்கள். அவற்றில் சிலவற்றுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது. எல்லாமே இலவசம். பதிவு செய், அட்டை எண் கொடு என்று கேட்கும் தளம் இந்தப் பட்டியலில் வரக்கூடாது.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளைப் பற்றியும் கேட்பார்கள். மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று யோசிக்க உதவும். மருந்தின் அளவை மாற்றவோ நிறுத்தவோ அதன் பேச்சைக் கேட்கக் கூடாது; தப்பையும் சரியைப் போலவே தயக்கமில்லாமல் சொல்லும். பெயர், பிறந்த தேதி உள்ள ரிப்போர்ட்டை அப்படியே அதில் ஏற்ற வேண்டாம்.

5. வாட்ஸ்அப்: அதிக நேரம் இங்கேதான் போகும்

முதலில் அடையாளங்களைக் கற்றுக் கொடுங்கள். ஒரு செய்தி ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்திருந்தால் மேலே இரட்டை அம்புக்குறி தெரியும். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் மேற்கொண்டு அனுப்ப முடியும். இரட்டை அம்பு இருந்தாலே பொய் என்று அர்த்தமில்லை, எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கும் தெரியாது என்றுதான் அர்த்தம். நகலெடுத்து ஒட்டினால் அம்புக்குறியே வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தேதி. இதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் போட்டால் மாரடைப்பு வராது என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் மருத்துவர்களே ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கும் அப்படிப் பரிந்துரைத்தார்கள். 2018இல் அஸ்ப்ரீ என்ற பெரிய ஆய்வு, முன்பு இதயநோய் வராத ஆரோக்கியமான முதியவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்று காட்டியது. முதல் மாரடைப்பைத் தடுப்பதற்காக அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல் அறிவித்தது. பழைய செய்தியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதில் இன்னொரு முனையும் இருக்கிறது: ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால், புதுச் செய்தியைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தக் கூடாது. முதல் படியில் எழுதிய தாளில் 'எதற்காக' என்ற இடம் இருப்பது இதற்குத்தான்.

தேதி கடந்தவை ஒருபக்கம் என்றால், தொடக்கத்திலிருந்தே தவறானவை இன்னொரு பக்கம். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்ற செய்தி இணையம் வந்த காலத்திலிருந்து சுற்றுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் அதை ஏற்கவில்லை. பக்கவாதம் வந்தவரின் விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் செய்தியும் அப்படியே. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விரலைக் குத்திக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கணக்கில் கழிகிறது.

சரி, இதைப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? "இது பொய், இது பொய்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது எதிர்விளைவைத் தரும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கூற்று தவறு என்று பலமுறை சொல்லப்பட்ட முதியவர்கள், மூன்று நாள் கழித்து அதையே உண்மை என்று நினைவுகூர்வது கூடியிருந்தது. கேட்ட பரிச்சயம் தங்கிவிடுகிறது, 'தவறு' என்ற ஒட்டுச்சொல் உதிர்ந்துவிடுகிறது. எனவே பொய்யை ஒருமுறை சொன்னால் போதும். சரியானதைப் பலமுறை சொல்லுங்கள். "ஊசியால குத்தக் கூடாது" என்பதை விட, "வாய் கோணினா, கை தூக்க முடியலைன்னா, பேச்சு குழறினா உடனே ஆம்புலன்ஸ்" என்பது மனதில் நிற்கட்டும். எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மதிப்பும் குறையக் கூடாது. அப்பா போனை நீட்டி, "பாரு, பெரிய டாக்டரே சொல்லியிருக்கார்" என்றால், நான் சொல்வது: "அப்பா, நல்ல விஷயமாத்தான் தெரியுது. உங்க மாத்திரை லிஸ்ட்டோட ஒத்துப்போகுதான்னு ஒரு தடவை பாத்துட்டு அத்தைக்கு அனுப்புங்களேன்." தாளை எடுத்து அவரே பார்ப்பார். பல செய்திகள் அங்கேயே நின்றுவிடும். அவர் அனுப்புவது அக்கறையினால்தான். அந்த அக்கறையை அவமானப்படுத்தினால் அப்புறம் நம்மிடம் காட்டாமலே அனுப்புவார்.

எதையும் ஒரு இரவு கழித்து அனுப்புவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. எண்களைப் பார்த்துக் கலங்க விடாதீர்கள்

ஒரு வெளிநாட்டுக் காணொளியில், வெறும் வயிற்றில் சர்க்கரை 7 இருந்தால் நீரிழிவு என்பார்கள். கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் 110 என்று இருக்கும். ஒரு பெரியவர் இதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் வேறு அலகு. மில்லிமோல் கணக்கில் 7 என்பது மில்லிகிராம் கணக்கில் 126. சர்க்கரைக்கு 18ஆல் பெருக்க வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு அந்த 18 பொருந்தாது. அங்கே ஏறக்குறைய 39. தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதிவிடுங்கள்.

அலகு ஒன்றாக இருந்தாலும் எல்லைக்கோடு வேறாக இருக்கலாம். 2017க்குப் பிறகு அமெரிக்க வழிகாட்டுதல் 130/80ஐ உயர் ரத்த அழுத்தம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 140/90 என்கிறது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. உங்கள் பெற்றோருக்கு எந்த அளவு இலக்கு என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு அதை மட்டும் எழுதி வையுங்கள்.

7. சேர்த்து வைத்த கேள்விகளை மருத்துவரிடம் கொண்டு போங்கள்

கேள்விகளை முந்தின நாளே மூன்றாகச் சுருக்குங்கள், முக்கியமானது மேலே. மருந்துத் தாள், கடைசி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதன் நகல், மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி. கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்த்தான் பல கையெழுத்துகள் படிக்காமல் போடப்படுகின்றன.

"இந்த நியூஸ் உண்மையா டாக்டர்?" என்பதைவிட, "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், எனக்கு இது பொருந்துமா?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். அனுமதி கேட்டு மருத்துவர் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவு செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் பாதி மறந்துபோகும். கிளம்பும் முன், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று பெரியவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். தவறான வேளை, தவறான அளவு எல்லாம் அந்த இடத்திலேயே வெளிவந்துவிடும்.

8. பணம் போகும் இடங்கள்

தகவலுக்குப் பணம் தேவையில்லை. அதைப் பெற உதவும் பொருட்களுக்குத்தான் செலவு: இணையக் கட்டணம், நல்ல படிப்புக் கண்ணாடி, தேவையானால் காதுக் கருவி, போனைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி. கண் பரிசோதனையைப் புதுப் போன் வாங்குவதற்கு முன்னால் முடியுங்கள். கண்ணாடி சரியானதும் பழைய போனே போதும் என்று ஆகிவிடலாம்.

'இலவச முகாம்', 'இன்று மட்டும் தள்ளுபடி', 'ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள்' என்று வருபவைதான் பணத்தை இழுக்கும். சில சந்தாக்கள் இலவச மாதம் முடிந்ததும் தானாகப் பணம் எடுக்கத் தொடங்கும். ஓடிபி, அட்டை எண், அடையாள அட்டை நகல் கேட்டு யார் அழைத்தாலும், மருத்துவமனையிலிருந்து என்று சொன்னாலும், "பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையை அறவே நிறுத்திவிடலாம் என்று சொல்லும் எந்தப் பொடிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். குடும்பக் குழுவில் ரிப்போர்ட்டைப் போடுவதையும் தவிருங்கள். அது அங்கிருந்து எங்கே போகும் என்று நம் கையில் இல்லை.

9. அவசரத்துக்கு ஒரு ஏற்பாடு

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், திடீரென்று ஒரு பக்கம் மரத்துப்போவது, மயக்கம்: இந்த நான்குக்கும் எதையும் தேடக் கூடாது, யாரிடமும் குழுவில் கேட்கக் கூடாது. நேராக அவசர எண். அந்த எண்ணைப் போனில் ஒரே தொடலில் அழைக்கும்படி முகப்பில் வையுங்கள், லேண்ட்லைன் இருந்தால் அதன் பக்கத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஆண்ட்ராய்டில் 'அவசரத் தகவல்' என்றும் ஐபோனில் 'மெடிக்கல் ஐடி' என்றும் ஒரு பக்கம் இருக்கும். பூட்டைத் திறக்காமலே அதை மற்றவர் பார்க்க முடியும். ரத்த வகை, ஒவ்வாமை, முக்கியமான மருந்துகள், உங்கள் எண் ஆகியவற்றை நிரப்புங்கள். பூட்டிய திரையில் காட்டும் அனுமதியை இயக்கினீர்களா என்று போனைப் பூட்டிவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நிரப்பியும் அந்த அனுமதி இல்லாமல் பயனின்றிக் கிடக்கும் போன்கள் நிறைய. மருந்துத் தாளை மாற்றும் அன்றே இந்தப் பக்கத்தையும் மாற்றிவிடுங்கள்.